காலி மாடிக்கு ஏன் சூடு?

மழை பெய்கிறதா, நின்றுவிட்டதா என்று சொல்ல முடியாதபடி காற்றிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. வேனின் துடைப்பான் கண்ணாடியில் ஒரு தேய்ப்புத் தேய்க்கும், கொஞ்சம் யோசிக்கும், பிறகு மனமில்லாமல் இன்னொரு தேய்ப்புத் தேய்க்கும்.

முன்சீட்டில் ஊசி மேடம் மடியில் ஒரு சர்வீஸ் கம்பெனித் தொப்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துப்பறியும் தொழிலில் அவருக்கு அந்தப் பெயர்தான். நுழைந்த இடம் தெரியாது, குத்திய பிறகுதான் தெரியும் என்று யாரோ ஒரு போலீஸ் அதிகாரி வைத்தது, அப்படியே நிலைத்துவிட்டது. ஐம்பதைத் தாண்டியவர். தனி ஆள். சாயங்காலம் ஆபீசைப் பூட்டினால் மறுநாள் காலை வரை அவரோடு பேச ஓர் உயிர் கிடையாது.

வண்டி ஓட்டியது அவருடைய உதவியாளன் 'ஒன்றரை டன்'. பெயரைக் கேட்டுவிட்டு அவனைப் பார்க்கிறவர்கள், அசல் ஆள் பின்னால் வருகிறானோ என்று எட்டிப் பார்ப்பார்கள். அவ்வளவு ஒல்லி. காற்று பலமாக அடித்தால் சட்டைப் பையில் கல் போட்டுக்கொண்டு நடக்க வேண்டிய உடம்பு. இந்த வேலைக்கு வருமுன் ஏசி மெக்கானிக்காக இருந்தான். அங்கே ஒரு தடவை ஒன்றரை டன் மெஷினைத் தனியாக மாடிக்குத் தூக்கப் போய், மெஷின் மேலே போனது, பெயர் அவனோடு கீழே வந்தது.

"மேடம், மெக்கானிக் சட்டையைப் போட்டா மட்டும் மெக்கானிக் ஆயிட முடியாது. நாலு வார்த்தை வாயில வரணும். என் பேரையே எடுத்துக்கங்க. டன்னுன்னா எடைன்னு நினைச்சீங்கன்னா முதல் கேள்வியிலயே மாட்டிக்குவீங்க."

"எடை இல்லையா?"

"இல்ல. வீட்டுக்குள்ள இருக்கற சூட்டை ஒரு மெஷின் எவ்வளவு இழுத்து வெளிய தள்ளுமோ, அந்த பலம். அது எவ்வளவு கனம்னு யாருக்கும் கவலை இல்ல, தூக்கறவன் முதுகைத் தவிர."

"நாம போற வீட்டுல ஹீட் பம்ப் இருக்குன்னு சொன்னாரே நேத்து வந்தவர். அது என்ன?"

"அது காத்தடிக்கிற பக்கம் சாயற கட்சிக்காரன். கோடையில உள்ள இருக்கற சூட்டை வெளிய கொண்டு போய் விடும். குளிர்காலத்துல வெளிய இருக்கற சூட்டைப் பொறுக்கி உள்ள கொண்டு வரும். ஒரே மெஷின்தான்."

"இந்தக் குளிர்ல வெளிய ஏது சூடு?"

"கஞ்சன் வீட்டுல காசு மாதிரி மேடம். கண்ணுக்குத் தெரியாது. ஆனா இருக்கும்."

ஊசி சிரிக்கவில்லை. சிரிக்காமலிருப்பதற்காக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்புறம் ஸோன்" என்றான் ஒன்றரை டன். "அண்ணன் தம்பி வீட்டைப் பாகம் பிரிச்சுக்கற மாதிரி. மெஷின் ஒண்ணு, ஆனா எவ்வளவு சூடு வேணும்னு வெக்கற தெர்மோஸ்டாட் கீழுக்கு ஒண்ணு, மாடிக்கு ஒண்ணு. எந்தப் பாகத்துக்குக் காத்து போகணும்னு குழாய்க்குள்ள ஒரு தகடு தீர்மானிக்கும். அதுக்கு டேம்பர்னு பேரு. வெளியில ஒரு கைப்பிடி இருக்கும். குழாய் போற திசையில கைப்பிடி படுத்திருந்தா வழி திறந்திருக்கு. குறுக்க நின்னா அடைச்சிருக்கு. வீட்டு மாமியார் மாதிரி, குறுக்க நின்னா ஒண்ணும் நகராது."

ஊசி மனதுக்குள் நேற்றைய வாடிக்கையாளரை மறுபடி உட்கார வைத்துப் பார்த்தார். மடிப்புக் கலையாத சட்டை, தணிந்த குரல். வேறு ஊரில் இருப்பதாகவும், இதற்காகவே வந்துவிட்டு அன்றே திரும்புவதாகவும் சொன்னார். அப்பா தனியாக இருக்கிறார் என்று சொல்லும்போது கண் கலங்கியது. தன் போனை எடுத்து மேஜையில் வைத்தார். அப்பா வீட்டு மாடி தெர்மோஸ்டாட் அதில் தெரிந்தது.

"மாடியில யாருமே இல்ல. அம்மா போனதுலேருந்து மூடிக் கிடக்கு. ஆனா பாருங்க, அங்க சூடு ஓடிட்டே இருக்கு. அப்பாவுக்கு ஞாபகம் தடுமாறுது. சுவரோட பேசறார்னு எதிர்வீட்டுக்காரர் சொல்றார். முழங்கால் வேற போச்சு. படியேறி விழுந்து வெச்சா? நான் போனா கதவைத் திறக்க மாட்டார், என் மேல கோபம். நீங்க போய், மாடியில யாராவது இருக்காங்களான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க."

அந்த 'மட்டும்' ஊசிக்குப் பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

வேன் நின்றது. தெருக்கோடியில், இரண்டு பக்கமும் செடி மண்டிய ஒரு பழைய மாடி வீடு. அழைப்பு மணியை அழுத்தி வெகு நேரம் கழித்து உள்ளே கைத்தடி சத்தம் கேட்டது. கதவைத் திறந்தவர் வழுக்கைத் தலை, தடித்த கண்ணாடி, கழுத்தைச் சுற்றி மஃப்ளர். அச்சகத்தில் வாழ்நாள் முழுக்க மெய்ப்புத் திருத்தியவர் என்று மகன் சொல்லியிருந்தார்.

"சர்வீஸ்ங்க ஐயா. குளிர் இன்னும் கூடறதுக்கு முன்னாடி மெஷினை ஒரு தடவை பார்த்துட்டுப் போகணும்" என்றான் ஒன்றரை டன்.

பெரியவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைப் பையின் மேல் தைத்திருந்த எழுத்தைப் பார்த்தார்.

"குளிர்ச்சாதனம்னு போட்டிருக்கே. நடுவுல ஒரு 'ச்' அதிகம்."

"அப்படிங்களா?"

"குளிர்சாதனம். வினைத்தொகையில வல்லினம் மிகாது தம்பி. உங்க கம்பெனியில யாரும் படிச்சவங்க இல்லையா?"

"இருந்தாருங்க. போன வருஷம் அவரும் மிகாம போயிட்டாரு."

பெரியவரின் உதட்டோரம் ஒரு மடிப்பு விழுந்தது. வழிவிட்டார். தையற்கடையில் அவசரத்துக்குத் தைத்து வாங்கிய சட்டை என்பது ஊசிக்குத் தெரியும். அவருக்கு வேறொன்றும் தெரிந்தது. ஞாபகம் தடுமாறுகிறவரின் கண் இல்லை அது.

கூடம் சுத்தமாக இருந்தது. ஆள் புழங்காத சுத்தம். ஒரு சோபா, அதன் மேல் மடிப்புக் கலையாத விரிப்பு. தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல், திரை முழுக்க ஒதுக்கி விடப்பட்டிருந்தது. எதிர்வீட்டிலிருந்து பார்த்தால் உள்ளே ஈ பறப்பது கூடத் தெரியும். ஒரே ஒரு நாற்காலி மட்டும் வினோதமாகக் கிடந்தது. டீவியையும் பார்க்காமல், தெருவையும் பார்க்காமல், சுவரைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது. அந்தச் சுவரில் முழங்கால் உயரத்தில் ஓர் இரும்புச் சட்டம், கம்பிக் கம்பியாய். நாற்காலிக் கையில் அன்றைய செய்தித்தாள்.

"மேல போக வேண்டாம்" என்றார் பெரியவர். "கீழ என்ன உண்டோ பார்த்துட்டுக் கிளம்புங்க. மேல அடைச்சுத்தான் கிடக்கு."

சமையலறைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய இருட்டறையில் மெஷின் இருந்தது. டார்ச் வெளிச்சத்தில் தகரக் குழாய்கள் இரண்டாகப் பிரிந்து போயின, ஒன்று கீழ்த்தளத்துக்கு, ஒன்று மாடிக்கு. எல்லாவற்றின் மேலும் தூசி போர்த்தியிருந்தது. மாடிக் குழாயின் கைப்பிடி மட்டும் பளிச்சென்றிருந்தது. அது குழாய் போகும் திசையில் படுத்திருந்தது.

"திறந்திருக்கு" என்றான் ஒன்றரை டன். "ஆனா பெரியவருக்கு இது எட்டாதே மேடம். ஸ்டூல் போட்டு ஏறணும். அந்த முழங்காலை வெச்சுக்கிட்டு..."

ஊசி டார்ச்சைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். ஓர் ஆணியில் வளைந்த கைப்பிடி போட்ட குடை தொங்கிக்கொண்டிருந்தது. துணி காய்ந்து மொடமொடவென்று இருந்தது.

"காலையிலேருந்து மழை. குடை வாசல்ல இல்ல, மெஷின் ரூம்ல தொங்குது. ஏன்?"

ஒன்றரை டன் குடையைப் பார்த்தான், உயரத்திலிருந்த கைப்பிடியைப் பார்த்தான். குடையின் வளைவு கைப்பிடிக்கு அளவெடுத்தது போலிருந்தது.

"கொக்கி போட்டு இழுத்திருக்காரு" என்றான் மெதுவாக. "தெரிஞ்சேதான் மாடிக்கு வழி விட்டிருக்காரு."

பிறகு அவன் குனிந்து ஒரு சட்டத்தை உருவினான். அழுக்கேறிய ஃபில்டர். "இது ரிட்டர்ன் வழியில இருக்கற வடிகட்டி. சப்ளைன்னா வீடு மூச்சு விடறது மேடம், ரிட்டர்ன்னா மூச்சு இழுக்கறது. அறையில இருக்கற காத்தைத் திரும்ப மெஷினுக்குக் கொண்டு வரும் வழி. இது மாடி ரிட்டர்ன். அந்த நாற்காலிக்கு எதிர்ல இருக்கு பாருங்க கம்பிச் சட்டம், அதுவும் இதே குழாய்லதான் சேருது."

ஃபில்டரின் சாம்பல் நிறத் தூசியில் நீளமான கறுப்பு முடிகள் சுருண்டு கிடந்தன.

"பெரியவர் தலையில இருக்கறதை எல்லாம் கூட்டினாலும் இவ்வளவு நீளம் வராது" என்றான்.

வெளியே இருக்கும் யூனிட்டைப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு இருவரும் பக்கவாட்டுச் சந்துக்குப் போனார்கள். மின்விசிறி சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஊசி அதன் பக்கத்தில் குனிந்து எதையோ திருகுவது போல் பாவனை செய்தார். அப்போதுதான் கூடத்து ஜன்னல் இடுக்கு வழியாக அந்தக் குரல் கேட்டது. பெரியவர் செய்தித்தாளை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்.

"பாலத்தைத் திறந்து வைக்க வந்த அமைச்சர் தாமதமாக வந்ததால்..." நிறுத்தினார். சற்றுப் பொறுத்து, "ஆமாமா, பாலம் எங்க ஓடிடப் போகுது" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு அடுத்த செய்தி. மறுபடி ஓர் இடைவெளி. "அது எழுத்துப் பிழை. 'பழம் விற்பனை'ன்னு இருக்கணும், 'பலம் விற்பனை'ன்னு போட்டிருக்கான்." மறுபடி இடைவெளி.

"எதிர்வீட்டுக்காரர் சொன்னது சரிதான்" என்று ஒன்றரை டன் கிசுகிசுத்தான். "சுவரோடதான் பேசறாரு."

ஊசி தலையசைத்தார், இல்லை என்று. அவருக்கு அந்த விஷயம் தெரியும். வீட்டில் சுவரோடு பேசுகிறவர்களில் அவரும் ஒருவர். காலையில் அடுப்போடு பேசுவார், ராத்திரி சாவியைத் தேடும்போது கதவோடு பேசுவார். பேச்சு நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். யாருக்காக நிறுத்துவது?

"சுவரோட பேசறவங்க இடைவெளி விட மாட்டாங்க" என்றார். "பதில் வந்தாத்தான் விடுவாங்க."

ஒன்றரை டன் அவரைத் திரும்பிப் பார்த்தான். வாயில் வந்த ஜோக்கை விழுங்கிவிட்டான் என்று தெரிந்தது.

"அப்ப வேலை முடிஞ்சுதே மேடம். 'ஆமா சார், ஒரு பொம்பளை இருக்காங்க, உங்க அப்பாவுக்கும் தெரியும்'னு ஒரு போன் போட்டா சோலி முடிஞ்சுது."

"போடலாம். அதுக்கு முன்னாடி மாடி தெர்மோஸ்டாட்டை ஒரு தடவை பார்த்துடுவோம்."

உள்ளே வந்ததும் ஒன்றரை டன் பெரியவரிடம் தன் சட்டையில் இன்னும் எத்தனை பிழை இருக்கிறது என்று கேட்க ஆரம்பித்தான். ஊசி காலணியைக் கழற்றிவிட்டுப் படியேறினார். மேலே நடை சூடாக இருந்தது. சோப்பு வாசனை. மூன்று கதவுகள், மூன்றும் சாத்தியிருந்தன. படி முடியும் இடத்தில் சுவரில் தெர்மோஸ்டாட், வெள்ளை வெளேரென்று புதிதாக. அதன் நெற்றியில் குறுக்கே, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது.

அதன் ஓரத்தை நகத்தால் லேசாகக் கிளப்பினார். அடியில் கறுப்பு மணி போல ஒரு சின்ன வட்டம்.

"அதைப் பிய்க்காதீங்கம்மா" என்று கீழேயிருந்து குரல் வந்தது. பெரியவர் படியடியில் கைத்தடியை ஊன்றி நின்றிருந்தார். கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சினார்.

"டன், இங்க வா."

அவன் வந்து பார்த்தான். முகம் மாறியது. "இது ஆள் நடமாட்டம் பார்க்கற கண்ணு மேடம். எதிர்ல ஆள் அசைஞ்சா தெரிஞ்சுக்கும். ஆள் இல்லாத ரூமுக்குச் சூடு வீணாகக் கூடாதுன்னு வெப்பாங்க. யாரு இருந்தா, எப்ப இருந்தான்னு போன்லயும் சொல்லும்."

"கீழ இருக்கறதுல இந்தக் கண்ணு இருக்கா?"

"இல்ல. அது சாதாரண மாடல். செட் பாயின்ட் மட்டும் வெக்கலாம், அதாவது எவ்வளவு சூடு வேணும்னு சொல்லலாம், அவ்வளவுதான்."

ஊசி படியில் பாதி இறங்கி வந்து அங்கேயே உட்கார்ந்தார். பெரியவரின் கண்ணுக்கு நேராக.

"ஐயா, இதை எப்ப மாத்தினாங்க?"

"போன மாசம். கம்பெனியிலேருந்து இலவசமா மாத்தித் தர்றோம்னு ஒருத்தன் வந்தான். நானும் விட்டுட்டேன்."

"உங்க மகன் அனுப்பின ஆள் அது. எங்களையும் அவர்தான் அனுப்பினார்."

பெரியவர் கைத்தடியை இறுக்கினார். ஒன்றரை டன் பெருமூச்சு விட்டான், வேஷம் கலைந்தது.

"அப்பா விழுந்துடுவார்னு பயப்படற பிள்ளை, அப்பா நடமாடற இடத்துலதானே கண்ணு வெக்கணும்?" என்றார் ஊசி. யாரிடம் என்றில்லாமல், தனக்கே சொல்லிக்கொள்வது போல. "கீழ வெக்கல. யாருமே இல்லன்னு சொல்ற மாடியில வெச்சிருக்கார். அவர் தேடறது உங்களை இல்ல. யாரோ அந்தக் கண்ணுல பிளாஸ்டர் ஒட்டிட்டாங்க. மெஷின் கண்ணு மூடிப் போச்சு. அதனால மனுஷக் கண்ணா ரெண்டு வாங்கி அனுப்பிட்டார். அது நாங்க."

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பொய் சொல்லும் வாடிக்கையாளர்களை அவர் பார்த்திருக்கிறார். ஆனால் கண்கலங்கி உட்கார்ந்திருந்த அந்த மனிதருக்கு ஒரு தெர்மோஸ்டாட்டுக்கு மாற்றாகத் தான் விலை போனது ஊசிக்கு நெஞ்சில் ஆறவில்லை.

மேலே ஒரு கதவு திறந்தது.

முப்பது வயதிருக்கும். நீளமான முடியைப் பின்னால் இறுக்கிக் கட்டியிருந்தாள். இடது மணிக்கட்டில் கட்டு, அதன் ஓரத்தில் அதே நிறப் பிளாஸ்டர். நடையின் சுவரை ஒட்டியபடியே வந்தாள், வெளிச்சம் படாத இடமாகப் பார்த்துப் பார்த்து நடந்து பழகியவள் போல.

"மாமா மேல தப்பில்ல" என்றாள். "நான்தான் வந்து நின்னேன்."

"என் மருமக" என்றார் பெரியவர். "கையில ஒரு பை கூட இல்லாம வந்து நின்னா. கதவைத் திறந்தேன். என்ன ஆச்சுன்னு கேக்கல. அவனைப் பெத்தவன் நான். இவளை நம்பறதுக்கு எனக்கு வேற சாட்சி வேணுமா?"

திரையை மூடினால் எதிர்வீட்டுக்காரர் மகனுக்குச் சொல்லிவிடுவார். திறந்து வைத்தால் அவள் கீழே வர முடியாது. பெரியவரால் மேலே ஏற முடியாது. அதனால் அவள் இருட்டிய பிறகு வந்து சமையலறையில் சாப்பிட்டுவிட்டுப் போவாள். பகல் முழுக்க ஒரு வீட்டின் இரண்டு மாடிகளில் இரண்டு பேர் தனித்தனியாக உட்கார்ந்து, காற்றுக் குழாய் வழியாகச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தக் கண்ணைப் பார்த்ததுமே தெரிஞ்சுது" என்றாள் அவள். "எங்க வீட்டுல ரூமுக்கு ரூம் அது இருக்கு."

அப்போது ஊசியின் போன் அடித்தது. வாடிக்கையாளர். ஊசி ஒன்றரை டன்னைப் பார்த்தார். அவன் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"வணக்கம் சார். மேடம் மெஷின் ரூம்ல இருக்காங்க, கையெல்லாம் கரி. விஷயம் ஒண்ணுமில்ல சார், ஷார்ட் சைக்கிளிங். அதாவது மெஷின் ஆன் ஆகும், ரெண்டு மூச்சு விடும், ஆஃப் ஆகும், மறுபடி ஆன் ஆகும். மேல தெர்மோஸ்டாட் சென்சார் பழுது, அது தப்பாக் குளிர்னு சொல்லிச் சொல்லி, டேம்பரும் மோட்டாரும் குழம்பிப் போய்..."

போனின் மறுபக்கம் வெகு பொறுமையாக இருந்தது. பிறகு தணிந்த குரல் கேட்டது, எல்லோருக்கும் கேட்கும்படி.

"சென்சார் பழுதுன்னா, மாடி ஜன்னல் திரை ஏன் கொஞ்சம் முன்னாடி அசைஞ்சுது?"

மாடிப் பெண் நின்ற இடத்திலேயே உறைந்தாள். வேறு ஊரில் இருக்கிறவருக்கு இந்த வீட்டுத் திரை தெரிகிறது.

"அது நான்தான் சார்" என்றான் ஒன்றரை டன் சட்டென்று. "வெளிச்சம் பத்தலன்னு தள்ளிவிட்டேன். திரையைத் துவைச்சு வருஷக்கணக்காச்சு போல, ஒரே தும்மல்."

"சரி" என்றது தணிந்த குரல். "வேலை முடிஞ்சா ரெண்டு பேரும் கிளம்புங்க. அப்புறம் பேசறேன்."

ஊசி கூடத்துக்குள் போகாமல், கதவோரம் நின்று தெருவைப் பார்த்தார். எதிர்வரிசைக் கடைசியில், மரத்தடியில், கண்ணாடி ஆவி பிடித்த ஒரு கார். உள்ளே ஆள் உட்கார்ந்திருந்தால்தான் கண்ணாடி அப்படி ஆவி பிடிக்கும்.

"ரெண்டு பேரும் கிளம்புங்கன்னு சொல்றார்" என்றார் ஊசி, தன் கம்பெனிச் சட்டையின் பித்தானைக் கழற்ற ஆரம்பித்தபடி. "ரெண்டு பேர் வந்தோம். ரெண்டு பேர் போகலாம்."

சமையலறை மறைவில் அவள் அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டாள். உள்ளே கம்பளிச் சட்டை போட்டிருந்ததால் அளவு சரியாகவே இருந்தது. முடியைச் சுருட்டித் தொப்பிக்குள் செருகினாள். ஊசி தனக்குத் தெரிந்த ஒரு வக்கீலின் வீட்டு முகவரியை ஒன்றரை டன்னிடம் சொன்னார். அந்த அம்மாள் இவளை உள்ளே விட்டுவிட்டால், பிறகு யார் வந்து தட்டினாலும் கதவைத் திறக்க மாட்டார்.

"மேடம், நீங்க?"

"நான் இருக்கேன். ஐயா தனியா இருக்க வேண்டாம்."

மருமகள் பெரியவர் முன்னால் வந்து நின்றாள். இத்தனை நாளில் பகல் வெளிச்சத்தில் இருவரும் எதிரெதிரே நிற்பது அதுதான் முதல் தடவை. அவர் கையை நீட்டி அவள் தொப்பியின் விளிம்பைக் கீழே இறக்கிவிட்டார்.

"வர்றேன் மாமா."

"குனிஞ்சு நடக்காதே. வேலைக்காரங்க குனிஞ்சு நடக்க மாட்டாங்க."

ஒன்றரை டன் அந்த அழுக்கு ஃபில்டரைத் தூக்கி அவள் நல்ல கையில் கொடுத்தான். முகத்தை மறைக்கும் அளவுக்குப் பெரியது. கதவைத் திறந்ததும் அவன் வாய் ஓட ஆரம்பித்தது. "சட்டத்தை நேராப் பிடி, தூசியெல்லாம் என் மேல கொட்டுது பார். உன்னைக் கூட்டிட்டு வந்ததுக்கு நான் தனியாவே வந்திருக்கலாம்." தெருவுக்கே கேட்கும்படி திட்டிக்கொண்டே போனான். ஊசி கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தார். வாசற்படி. கேட். வேனின் கதவு. நடுவில் ஒரு தடவை அவள் கால் வழுக்கியது, ஃபில்டர் சாய்ந்தது. ஒன்றரை டன் இன்னும் உரக்கத் திட்டினான். அவள் நிமிர்ந்து நடந்தாள். வேன் நகர்ந்து, அந்தக் காரை உரசினாற்போலக் கடந்து, முனையில் திரும்பியது.

ஊசி கதவைத் தாழிட்டார்.

பெரியவர் அந்தச் சுவரோர நாற்காலிக்குப் போகவில்லை. சோபாவில், விரிப்பு கசங்கும்படி உட்கார்ந்தார். ஊசியின் போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்து ஓய்ந்தது. பிறகு காரின் கதவு சாத்தும் சத்தம், ஈரத் தரையில் காலடி, அழைப்பு மணி.

"நான் திறக்கறேன்" என்று ஊசி எழுந்தார்.

"வேண்டாம்மா. வந்திருக்கறது என் பிள்ளை."

கைத்தடியோடு போய் அவரே திறந்தார். மகன் அப்பாவைப் பார்க்கவில்லை. ஊசியைப் பார்த்ததும் ஒரு கணம் திகைத்தார், அவ்வளவுதான். படிகளை இரண்டிரண்டாக ஏறினார். மேலே ஒரு கதவு, இன்னொரு கதவு, மூன்றாவது கதவு. அலமாரி திறக்கும் சத்தம். பிறகு சத்தமே இல்லை. இறங்கி வந்தபோது மடிப்புக் கலையாத சட்டை நனைந்து தோளில் ஒட்டியிருந்தது.

"வேன்ல போனது யாரு?"

"சர்வீஸ் ஆளுங்க" என்றார் ஊசி.

"நான் உங்களை வேலைக்கு வெச்சேன்."

"ஆமா. வேலை முடிஞ்சுது. உங்க மாடியில யாரும் இல்ல, நீங்களே பார்த்துட்டீங்க. அப்பா தனியா இருக்கார்னு சொன்னீங்க. அதையும் பார்த்தேன். தனியாத்தான் இருக்கார்."

மகனின் கை லேசாக உயர்ந்தது. எதை எடுக்க, எதை அடிக்க என்று அந்தக் கைக்கே தெரியாதது போல நடுவில் நின்றது. பெரியவர் நகர்ந்து வந்து இருவருக்கும் இடையில் நின்றார். மகனை விட ஒரு சாண் குள்ளம். கைத்தடியைக் கூட உயர்த்தவில்லை.

"அவளைத் தேடாதே" என்றார். "போ."

"அப்பா, உங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரியும். போ."

மகன் போனார். கதவைச் சாத்தவில்லை. ஈரக் காற்று கூடத்துக்குள் வந்து செய்தித்தாளின் பக்கங்களைப் புரட்டியது. கார் கிளம்பிய சத்தம் அடங்கும் வரை பெரியவர் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஊசியின் போனில் ஒன்றரை டன்னிடமிருந்து செய்தி வந்தது. யாரும் பின்னால் வரவில்லை, வக்கீலம்மா கதவைத் திறந்துவிட்டார், சூடாகக் குடிக்க ஏதோ கொடுத்திருக்கிறார். ஊசி அதைப் பெரியவருக்குப் படித்துக் காட்டினார். அவர் தலையாட்டினார். கேட்டாரா என்று தெரியவில்லை.

"அவன் முகம் வாடியிருந்துது பார்த்தீங்களா?" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "காலையிலேருந்து அந்தக் கார்லயே உட்கார்ந்திருந்திருப்பான். சாப்பிட்டானான்னு கேக்க மறந்துட்டேன்."

ஊசி எழுந்து போய் வாசற்கதவைச் சாத்தினார். பிறகு தன் பையைக் கழற்றி வைத்துவிட்டு, சோபாவின் மறுமுனையில் உட்கார்ந்தார்.